பட்டில் எழுத்து, கல்லில் எழுத்து

ஓவியத்தைப் பார்ப்பது ஒரு கலை. ஓவியத்தின்மேல் எழுதப்பட்டிருப்பதைப் படிப்பது மற்றொரு கலை. இவ்விரண்டாவது கலை தமக்குத் தொடர்பற்றது என்றே நம் தமிழிலக்கிய மாணவர்களும் ஆசிரியர்களும் பெரும்பாலும் எண்ணிவருகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது என்பதும், அப்பிழையால் நாம் இழப்பது மிகுதி என்பதுமே இக்கட்டுரையின் கருத்து. அதனை விளக்கச் சீனப் பட்டோவியங்களை எடுத்துக்கொள்கிறோம். காரணம் உண்டு.

கெலவரப்பள்ளி அணையைச் சூழ்ந்த ஊர்களிலும் ஓசூர் சிப்காட் வளாகங்களிலும் இயங்கும் நிறுவனங்களுக்குச் சீனத்தோடு வணிக உறவு பெருகியுள்ளது. அங்குச் சென்று திரும்புவோர் கொணரும் பட்டுச் சுருள்கள் வரவேற்பறைகளில் தொங்குவதைக் காண்கிறோம். நம்மிடம் பயின்று அந்நிறுவனங்களில் பணிபுரியும் பழைய மாணவர்கள், கல்வெட்டுப் பாடம் நடத்துபவர் என்னும் உரிமையில், கைபேசியில் படமெடுத்து அனுப்பி, "ஐயா, இந்தச் சிவப்பு முத்திரை யாருடையது? இது பழையதா? விலை பெறுமா?" என்று கேட்பதுண்டு. அவற்றுள் பல அச்சிட்ட படிகள். அதைச் சொல்லப் பெரும்புலமை வேண்டா. ஆயின் கேள்வி அடுக்கப்படும் முறையே நம்மை உறுத்துகிறது. விலை முதலில் வருகிறது, வயது அதன்பின், "அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்னும் கேள்வியோ வருவதேயில்லை. முறைப்படி அதுவன்றோ முதலாவது!

சீன ஓவிய மரபில் எழுத்து படத்துக்கு வெளியே நிற்கும் விளக்கச் சீட்டு அன்று. ஓவியன் தன் பெயரையும் ஆண்டையும் எழுதுகிறான். சில வேளை ஒரு கவிதையும் சேர்க்கிறான். நண்பர் ஒருவர் வேறொரு கவிதை எழுதுகிறார். நூறாண்டு கழித்து அதை வாங்கியவர், எவ்வாறு தம் கைக்கு வந்தது என்று குறிக்கிறார். அவருக்குப்பின் வந்தவர் அக்குறிப்பை மறுத்து எழுதுகிறார். படத்தில் இடம் தீர்ந்தால் சுருளோடு புதிய தாள் ஒட்டி எழுத்து தொடர்கிறது. நம் மரபில் இதற்கு நெருங்கிய இனம் பாயிரமும் சாற்றுகவியும் ஏட்டின் இறுதிக் குறிப்பும்தாம். சிறப்புப்பாயிரம் நூலாசிரியன் அல்லாத பிறரால் பாடப்பெறுவது. ஏட்டின் இறுதிக் குறிப்பு அதைப் படியெடுத்தவன் பெயரையும் நாளையும் கூறுவது. ஏடுகளை ஒப்புநோக்கிப் பழகியவர்க்கு ஒரு சீனச் சுருளின் அமைப்பு அயலாகத் தோன்றாது.

முத்திரையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். சாதிலிங்கத்தை ஆமணக்கெண்ணெயிலும் செடிநாரிலும் குழைத்த செங்குழம்பில் தோய்த்து ஒற்றுவதே முத்திரை. எழுத்துகள் புடைத்து நிற்குமாறு செதுக்கினால் சிவந்த எழுத்து வெண்மைமேல் விழும். குழித்துச் செதுக்கினால் வெள்ளெழுத்து செம்மைமேல் விழும். முதலில் நோக்க வேண்டியது இவ்வேறுபாடு. அடுத்து, முத்திரைகளில் பெரும்பாலும் ஆளப்படுவது அன்றாட எழுத்தன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வடிவங்களைத் தழுவிய தனி எழுத்து. சீனம் நன்கறிந்தோரும் அதைத் தனியே பயின்றாக வேண்டும். இன்று கைபேசிச் செயலிகள் அச்செழுத்தை நொடியில் மொழிபெயர்க்கின்றன. முத்திரை எழுத்தின்முன் அவை தடுமாறுகின்றன. தமிழ் அறிந்தவரெல்லாம் வட்டெழுத்தைப் படித்துவிட இயலாததுபோன்றே இதுவும்.

முத்திரையின் வகைகளும் பல. ஓவியனின் இயற்பெயர், புனைபெயர், அவன் எழுதுமிடத்தின் பெயர், ஒரு பழமொழி அல்லது மனநிலை கூறும் சொற்றொடர் என அவை விரியும். உடைமையாளர் முத்திரை இவற்றினின்று வேறு. "நான் கண்டேன்", "நான் வைத்திருந்தேன்", "என் வழித்தோன்றல்கட்கு உரியதாகுக" என்னும் பொருளில் அவை அமையும். ஆகவே ஒரு பட்டில் பத்து முத்திரைகள் இருந்தால் பத்து ஓவியர் என்பது பொருளன்று. பெரும்பாலும் ஓவியனுடையது ஒன்றோ இரண்டோதான். எஞ்சியவை அவ்வோவியம் கைமாறிய வரலாறு. நிலப்பத்திரத்தின் தொடர்ச்சியைத் தேடி வில்லங்கச் சான்று எடுக்கும் நம் ஊரார்க்கு இதைப் புரியவைப்பது கடினமன்று.

இடமும் பொருளுடையது. தாளும் பட்டும் இணையும் தையலின்மேல், இருபுறமும் படுமாறு முத்திரை ஒற்றும் வழக்கம் இருந்தது. பின்னொருவர் ஒரு பகுதியை அறுத்தெடுத்தால் முத்திரையும் பாதியாக நிற்கும். அறுத்ததை அது காட்டிக்கொடுக்கும். மிங் அரசின் தொடக்கத்தில், 14ஆம் நூற்றாண்டில், அரண்மனைப் பொருள்களைப் பதிந்தபோது முத்திரையின் ஒரு பாதி ஓவியத்திலும் மறுபாதி பதிவேட்டிலும் விழுமாறு ஒற்றினர். நம் பற்றுச்சீட்டின் அடிக்கட்டை முறையை இது நினைவூட்டும். இதை அறியாதவர் "முத்திரை சிதைந்துவிட்டது" என்று கருதி அச்சான்றைத் தள்ளிவிடக்கூடும்.

இரண்டு சான்றுகளைக் காண்போம். தைபேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் குவோ ஷி வரைந்த 'இளவேனில் தொடக்கம்' என்னும் பட்டோவியம் உள்ளது. அதன் இடப்புற ஓரத்தில் ஓவியத்தின் தலைப்பும் ஆண்டும் ஓவியன் பெயரும், அவற்றோடு அவனது முத்திரையும் உள்ளன. ஆண்டு எண்ணாகக் குறிக்கப்படவில்லை. அறுபதாண்டுச் சுற்றில் ஓர் ஆண்டின் பெயராக நிற்கிறது. அது 1072 எனக் கணிக்கப்பட்டது. பிரபவ முதல் அட்சய வரை எண்ணிப் பழகிய நமக்கு இம்முறை புதிதன்று. சீனச் சுற்று 1984இல் தொடங்கியது. நம் பிரபவ ஆண்டு 1987இல் வந்தது. மூன்றாண்டு வேறுபாட்டோடு இரண்டு சுற்றுகளும் இணையாகவே உருள்கின்றன. பெயர் மட்டும் கிடைத்தால் எந்த அறுபது என்னும் ஐயம் எழும் என்பதும், அதைத் தீர்க்க அரசன் பெயரோ வேறு குறிப்போ வேண்டும் என்பதும் நம் கல்வெட்டாய்வாளர் நன்கறிந்த சிக்கலே. அதே ஓவியத்தின் மேற்பகுதியில் சியன்லோங் பேரரசர் 1759இல் எழுதிய கவிதையும் இடம்பெற்றுள்ளது. ஏறத்தாழ எழுநூறாண்டு இடைவெளியுடைய இரு கைகள் ஒரே பட்டில் உள்ளன. அவற்றைப் பிரித்தறியாதவன் ஓவியத்தின் வரலாற்றையே குழப்பிவிடுவான்.

அதே அருங்காட்சியகத்திலுள்ள ஃபான் குவானின் 'மலைகளிடை ஓடைகளிடைப் பயணிகள்' இன்னும் வியப்பானது. இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய அப்பட்டில் ஓவியனின் கையொப்பம் இருப்பதைப் பல தலைமுறையினர் அறியவில்லை. 1958இல் லி லின்சான் என்னும் ஆய்வாளர் கீழ்ப்புறத்து மரங்களின் இலைச்செறிவினிடையே அப்பெயர் எழுதப்பட்டிருப்பதைக் கண்டறிந்தார். எத்தனையோ நூற்றாண்டு கண்கள் பார்த்த படத்தில் எழுத்தைத் தேடிய கண் ஒன்றுதான் அதனைக் கண்டது.

இங்கு ஒரு மறுப்பு எழும். "எழுத்தையும் முத்திரையையும் போலியாக்க முடியுமே! தூரிகை நடையைக் கொண்டன்றோ ஓவியத்தை மதிப்பிட வேண்டும்?" என்பர். இம்மறுப்பு வலுவானது, அதனை நாம் ஏற்கிறோம். 20ஆம் நூற்றாண்டின் பெரும் ஓவியரான சாங் தாச்சியென் (1899–1983) பழமையோவியங்களைப் போலியாக வரைவதிலும் பெருந்திறன் காட்டினார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 10ஆம் நூற்றாண்டுப் படைப்பெனக் கருதி 1957இல் வாங்கிய பட்டோவியம் ஒன்று அவர் கைவேலை என்று பின்னர் தெளிந்தது. பழைய சேகரிப்பாளர் முத்திரைகளும் அதில் குறையின்றி இருந்தன. இன்னொரு வகையும் உண்டு: ஓவியம் உண்மையிலேயே பழையது, அதில் பெயர் மட்டும் பிற்காலத்தவர் சேர்த்தது. இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் 'அரசவைப் பெண்டிர்க்கான அறிவுரைச் சுருள்' இதற்குச் சான்று. 3ஆம் நூற்றாண்டுப் புலவர் சாங் ஹுவாவின் பனுவலைப் பகுதி பகுதியாக எழுதிப் பக்கத்தில் படம் வரைந்த பட்டு அது. அதன் முடிவில் உள்ள கு காய்சி என்னும் 4ஆம் நூற்றாண்டு ஓவியனின் பெயர் பிற்சேர்க்கை என்பது அறிஞர் கருத்து. அச்சுருளில் சியன்லோங் பேரரசர் முத்திரைகளை ஒற்றியதோடு நில்லாமல் தாமே ஒரு செடியையும் வரைந்து வைத்தார். பீகிங்கில் 1900இல் நிகழ்ந்த கலகத்தின்போது அங்குச் சென்ற முதலாம் வங்காள ஈட்டிக் குதிரைப்படையின் அதிகாரி ஒருவர் கைக்கு அது வந்து, 1903இல் 25 பவுனுக்கு அருங்காட்சியகத்திடம் விற்கப்பட்டது. இந்தியாவிலிருந்து சென்ற படையின் வழியே அச்சுருள் இலண்டன் சேர்ந்தது என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆகவே முத்திரை சான்றிதழ் ஆகாது. அது ஒரு சாட்சி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். அதற்குரிய வழிகள் நிலைபெற்றவை. ஐயமற்ற ஓவியத்திலுள்ள அதே முத்திரையோடு கோடு கோடாக ஒப்பிடுதல் முதலாவது. விக்டோரியா கொன்டாக், வாங் சிச்சியென் ஆகிய இருவரும் 1940இல் வெளியிட்ட மிங், சிங் கால முத்திரைத் தொகுப்பும், ஷாங்காய் அருங்காட்சியகம் 1987இல் வெளியிட்ட தொகுப்பும் இதற்கெனவே எழுந்தவை. கல்லில் செதுக்கிய முத்திரையின் விளிம்பு நாளடைவில் உடையும்; உடைந்த பின்னர் ஒற்றியதா, முன்னர் ஒற்றியதா என்பது காலத்தைக் காட்டும். பட்டு இழுபடும் இயல்பினது. ஆகவே அளவு மயிரிழை பிசகினால் மட்டும் போலி என்று தீர்ப்புரைத்தல் கூடாது. அரசன் பெயரிலுள்ள எழுத்தை முழுதாக எழுதுதல் மரியாதைக்குறைவு எனக் கருதி ஒரு கோட்டை விட்டு எழுதும் வழக்கம் சீனத்தில் இருந்தது. எவ்வெழுத்தில் கோடு விடுபட்டது என்று பார்த்தால் எவ்வரசன் காலத்துக்குப் பிற்பட்டது என்பது விளங்கும். இவையனைத்தும் மொழியறிவும் பாட ஒப்பீடும் சார்ந்த வேலைகள். உ.வே. சாமிநாதையர் முதலாயினோர் ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த மரபில் வந்த நமக்கு அவ்வேலையின் இயல்பு தெரியாததன்று.

இதற்கு வலுவான சான்று நம் நாட்டிலேயே உள்ளது. ஆரல் ஸ்டைன் 1907இல் துன்ஹுவாங் குகையிலிருந்து கொணர்ந்த பட்டோவியங்களில் ஒரு பங்கு, அவரது பயணச் செலவில் பெரும்பகுதியை இந்திய அரசு ஏற்றமையால், டெல்லிக்கு வந்தது. இன்று அது தேசிய அருங்காட்சியகத் தொகுப்பைச் சேர்ந்தது. இலண்டனிலும் டெல்லியிலும் உள்ள அவ்வோவியங்களுக்கு 1931இல் விரிவான அட்டவணை வெளியிட்டவர் ஆர்தர் வேலி. அவர் யார்? சீன, ஜப்பானிய இலக்கியங்களை ஆங்கிலத்துக்குக் கொணர்ந்த மொழிபெயர்ப்பாளர். அந்நாடுகளுக்கு ஒருமுறையேனும் செல்லாதவர். பட்டின்மேலிருந்த எழுத்தைப் படித்து ஓவியங்களுக்குப் பெயரும் காலமும் தேடித் தந்தது ஓர் இலக்கியவாதியின் உழைப்பு.

அக்குகை ஓவியங்களின் தன்மையும் வேறானது. ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடைக்கப்பட்ட அறையில் அவை தொள்ளாயிரம் ஆண்டுகள் கிடந்தமையால் அரசரோ செல்வரோ முத்திரை ஒற்ற வாய்ப்பில்லை. அவற்றிலுள்ள எழுத்து வழிபட்டோரின் எழுத்து. இலண்டனிலுள்ள ஓர் அவலோகிதேசுவரர் ஓவியம் கி.பி. 910ஆம் ஆண்டினது. கீழே மறைந்துபோன பிக்குணி ஒருவரும் ஆடவர் ஒருவரும் பெயரோடும் பதவியோடும் தீட்டப்பட்டுள்ளனர். அதில் ஆண்டு தாங் அரசின் 'தியான்ஃபு' என்னும் ஆட்சிப்பெயரால் பத்தாம் ஆண்டு எனக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆயின் அவ்வாட்சிப்பெயர் 904இலேயே கைவிடப்பட்டது. தாங் அரசே 907இல் வீழ்ந்துவிட்டது. தலைநகருக்கு வெகுதொலைவில், எல்லைப்புற ஊரில் இருந்தோர் வீழ்ந்த அரசின் ஆண்டையே எண்ணிக்கொண்டிருந்தனர். ஒரு வரி எழுத்து ஓர் எல்லைப்புற ஊரின் அரசியலைச் சொல்லிவிடுகிறது. மூன்று மொழிகள் வழங்கும் எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இதன் சுவை கூடுதலாகவே புலப்படும்.

அத்தொகுப்பு ஓவியங்கள் பலவற்றில் பெயர் எழுதுவதற்கென வரைந்த கட்டங்கள் வெறுமையாகவே உள்ளன. எழுத வேண்டியவர் எழுதவில்லை. அவ்வுருவங்கள் யாருடையவை என்று இன்று எவரும் அறியார்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். படத்தோடு எழுத்தைச் சேர்க்கும் வழக்கம் தமிழகத்துக்கும் உரியதே. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் கதையைக் கூறும் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களுக்குக் கீழே தமிழ் வாசகங்கள் உள்ளன. ஓவியர் சிங்காதனத்தின் பெயரும் அங்கே எழுதப்பட்டுள்ளது. சீன எழுத்தும் நம் மண்ணில் நின்றதுண்டு. 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், செங்கற்கோபுரம் ஒன்றில் 1267இல் பணி முடிந்ததாகச் சீன எழுத்து இருந்ததைக் குறித்துள்ளார். அது நாகப்பட்டினத்துப் பௌத்தக் கோபுரத்தைப் பற்றியது என அறிஞர் பலர் கொள்வர். அக்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. ஒரு பயணி தன் மொழியைக் கண்டு நின்று குறித்துக்கொண்டமையால்தான் அவ்வொரு வரியேனும் நமக்கு எஞ்சியது.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளோ நடுகற்களின் நிலம். பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர் காலத்து வீரர்கள் வில்லும் வாளுமாகக் கல்லில் நிற்கின்றனர். தலைக்குமேலும் பக்கத்திலும் எழுத்து. வட்டெழுத்தும் தமிழும் கன்னடமும் இங்கு அடுத்தடுத்த ஊர்களில் வழங்கியிருக்கின்றன. துன்ஹுவாங்கில் இறந்தோர் உருவத்தருகே பெயர் எழுதியதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே: இறந்தவன் பெயர் உருவத்தோடு நிலைக்க வேண்டும் என்னும் விழைவு. எழுத்து இல்லையேல் இழப்பு எத்தகையது என்பதற்குச் செங்கம் பகுதி எடுத்தனூர் நடுகல்லைக் காட்டலாம். மகேந்திரவர்மன் காலத்து அக்கல்லில் வீரனுக்கு அருகே ஒரு நாய் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் தனி வாசகம் கூறுகிறது. படிக்கத் தெரியாதவனுக்கு அது வெறும் நாய்; படித்தவனுக்கு அது ஓர் உயிரின் வரலாறு.

இத்தகைய கற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரில் வழிபாட்டில் உள்ளன. வழிபாடு அவற்றைக் காத்தது; அதற்கு நாம் கடன்பட்டுள்ளோம். எனினும் ஆண்டுதோறும் பூசப்படும் எண்ணெயும் அண்மைக் காலத்து எனாமல் வண்ணமும் எழுத்துகளை மூடிவருகின்றன. வழிபாடற்ற கற்களின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. மனைப்பிரிவுக்காக நிலத்தைச் சமன்செய்த இடமொன்றில், எழுத்துள்ள கல் குப்புறக் கிடந்து துணி துவைக்கப் பயன்படுவதை நாம் கண்டிருக்கிறோம். அவ்விடத்தில் பணிபுரிந்த பொறியாளரும் மேற்பார்வையாளரும் பட்டம் பெற்றவர்களே. அதை எழுத்து என்று அடையாளம் காணக்கூடியவர் ஒருவரும் அங்கில்லை.

அவர்களைக் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. முதுகலைத் தமிழ் பயின்று வெளியேறும் நம் மாணவர் எத்தனை பேரால் வட்டெழுத்தில் ஒரு வரியைப் படிக்க முடியும்? பல கல்லூரிகளில் கல்வெட்டியல் விருப்பப்பாடமாகவே உள்ளது. அங்கும் மாணவர் எழுத்தைப் படிப்பதில்லை, எழுத்தைப் பற்றிய குறிப்பையே படிக்கின்றனர். தொல்காப்பியம் நடுகல்லைப் பற்றிக் கூறுவதை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர், தம் ஊர் எல்லையில் நிற்கும் நடுகல்லின் முன் எழுத்தறியாதவராக நிற்கிறார்.

நாம் வேண்டுவன மிகச் சிலவே. தமிழ்த்துறைகள் வட்டெழுத்தையும் பழந்தமிழ் எழுத்து வடிவங்களையும் கட்டாயப் பாடமாக்கட்டும். தேர்வை வகுப்பறையில் வைக்காமல் கல்லின் முன் வைக்கட்டும். ஓசூர்ப் பகுதிக் கல்லூரிகள் கன்னட எழுத்தையும் சேர்த்துக் கற்பிக்கட்டும். தமிழிலக்கியம் கற்போருள் ஆண்டுக்கு இருவர் மூவரேனும் செம்மொழிச் சீனம் பயில வழி காணப்படட்டும். டெல்லியிலுள்ள பட்டின் எழுத்தைப் படிக்க இலண்டனிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்னும் நிலை இனியும் தொடர வேண்டுவதில்லை. தைபே, இலண்டன் அருங்காட்சியகங்கள் தம் ஓவியங்களின் தெளிந்த படங்களை இணையத்தில் வைத்துள்ளமையால் தொடக்கப் பயிற்சிக்குப் பொருட்செலவும் பெரிதாக இராது.

வாசக நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் எழுத்துள்ள கல் இருப்பின், காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும் வேளையில் படமெடுங்கள். அப்போதுதான் எழுத்தின் குழிவு நிழலாகத் தெரியும். சுண்ணத்தாலோ வண்ணத்தாலோ எழுத்தை நிரப்பாதீர்கள். ஊரார் அக்கல்லை என்ன பெயரால் அழைக்கின்றனர் என்பதை எழுதிவையுங்கள். தொல்லியல் துறைக்கும் அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த்துறைக்கும் தெரிவியுங்கள். வீட்டில் சீனச் சுருள் இருப்பின் அதற்கும் இதே முறைதான்: முழுப் படம், ஒவ்வொரு முத்திரைக்கும் அளவுகோல் வைத்து எடுத்த தனிப் படம், எங்கே எப்போது வாங்கியது என்னும் குறிப்பு. விலையைப் பிறகு கேட்கலாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர்கள் பெருகினால், படிக்கக் கற்பவர்களும் பெருகுவர்.